ஓடக்கூலி

ஆற்றின் பெயர் ஷேர்.
சென்னையில் அது ஆட்டோவுக்கு முன்னால் வரும் சொல்.
இங்கே கடைக்காரி சொன்னால் விலை அதிகம்,
கடிதத்தின் தலையில் எழுதினால் அன்புள்ள.
ஆறு எதற்கும் பொறுப்பேற்காமல்
மேற்கே போய்க்கொண்டிருக்கிறது.

எனக்கு மூன்று மாத ஒப்பந்தம்.
பிரெவான் ஊராட்சி மன்றத்தின் மாடியில்
இறப்புப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாக
ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும்.
நானூறு பேர். ஒரு ரொட்டிக்கடை, திங்களன்று அதுவும் இல்லை.
சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து உள்ளே வைன் வைத்தார்கள்,
குடைந்த கல்லை எடுத்து வீடு கட்டினார்கள்.
ஆகவே ஊருக்கு அடியில்
ஊரளவு வெற்றிடம் இருக்கிறது.

வடகரையில் தேவாலயம்,
தென்கரையில் கல்லறைத் தோட்டம்.
யாரும் திட்டமிட்டதல்ல.
1707 வெள்ளத்தில் ஆறு
தூக்கத்தில் புரள்வதுபோல் புரண்டு
ஊரின் நடுவே படுத்துக்கொண்டது.
விடிந்து பார்த்தால்
செத்தவர்கள் எல்லாரும் எதிர்க்கரையில்.
பாலம் வேண்டுமென்று அரசருக்கு எழுதினார்கள்.
பதில் வருவதற்குள் அரசர்கள் தீர்ந்துபோனார்கள்.
அதனால் ஓடம்.
பெட்டிக்குக் கூலி உண்டு,
அழுகிறவர்களுக்கு இலவசம்.

1940இல் எங்கோ ஒரு மேசைமேல்
பிரான்சைக் கோடு போட்டுப் பிரித்தவர்கள்
இந்த இடத்தில் பென்சிலுக்கு வேலை வைக்கவில்லை.
ஆற்றையே கோடாக எடுத்துக்கொண்டார்கள்.
வடக்கே ஜெர்மானியர்,
தெற்கே அவர்கள் இன்னும் வராத பிரான்ஸ்.
இக்கரைக்கு அக்கரை பச்சை என்போம் நாம்.
இங்கே பச்சை இக்கரையிலேயே நின்றது,
உடுப்பாக, துப்பாக்கியோடு.

செத்தவர்களுக்கு மட்டும் அனுமதி சுலபம்.
ஒரு முத்திரை.
காவலன் தொப்பியைக் கழற்றுவான்,
ஓடம் நகரும்.

ஒதீல் கர்ரோ, விதவை, எழுபத்தொன்று, டிசம்பர் 1941.
இவளைப் போன வாரமே பார்த்தேனே.
பின்னால் புரட்டினேன்:
1926, நிமோனியா.
பிளாசித் ரூவே, பீப்பாய் செய்பவர்,
1919இல் ஒரு முறை, அந்தக் குளிர்காலத்தில் மறுமுறை.
எலோயி பாஸ்கியே, வயது நான்கு.
எலோயி பாஸ்கியே, வயது நான்கு.
மொத்தம் நாற்பத்திரண்டு பேர் செத்திருக்கிறார்கள்,
ஊரில் ஒரு தலை குறையவில்லை.

எல்லாம் ஒரே கை. செயலர் தெனீஸ் லொபெர்.
சின்ன, அவசரப்படாத எழுத்து.
பொய் சொல்லும்போதும் வரி கோணவில்லை.

காவலனுக்கு எண்ணத் தெரியாதோ என்று ஒரு நாள் நினைத்தேன்.
எண்ணிப் பார்த்துவிட்டுத்தான்
தொப்பியைக் கழற்றினானோ என்று மறுநாள்.
அவன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

அதே அலமாரியில்
ஓடக்காரர் குர்த்தேனின் நோட்டு,
பாதி முட்டைக் கணக்கு.
தேதி, பெட்டி, நான்கு பிராங்க்.
தேதி, பெட்டி, நான்கு பிராங்க்.
உள்ளே மூச்சு விட்டாலும்
பிணத்துக்கான விலைதான்.

1942, பிப்ரவரி ஒன்பது.
பதிவேட்டில் 'ஆண், சுமார் முப்பது' என்று மட்டும்.
பக்கத்தில் கடன் வாங்கிய ஒரு பெயரை எழுதி
தெனீஸ் அதை அடித்திருக்கிறார்,
தாள் கிழிகிற அளவுக்கு.
குர்த்தேனின் நோட்டில்:
பனிக்கட்டி. கடக்க இரண்டு மணி நேரம்.
மூடியைத் திறந்தோம்.
கூலி வாங்கவில்லை.

சன்னலுக்கு வெளியே பாலம், போருக்குப் பிறகு கட்டியது.
ரொட்டிக்கடைக்காரி சைக்கிளில் தென்கரைக்குப் போகிறாள்,
ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

கணினி கேட்கிறது: பெயர், கட்டாயம்.
காலியாக விட்டால்
அடுத்த பக்கம் போக மறுக்கிறது.
பெயர்ப் பெட்டிக்குள்
இடைவெளிப் பொத்தானை ஒருமுறை தட்டினேன்.

ஏற்றுக்கொண்டது.